தொட்டால் உறையும் மழை

மழை என் சட்டைக் கையில் தண்ணீராகத்தான் விழுந்தது. துடைக்கக் கையைக் கொண்டுபோவதற்குள் கண்ணாடியாகிவிட்டது. முழங்கையை மடக்கினால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. எங்கள் குய்சோ மலைகளில் குளிர்காலம் தவறாமல் வரும் மழைதான் இது. ஆனாலும் எனக்கு இது பழகவே இல்லை. வெண்பனி கொட்டினால் கண்ணுக்குத் தெரியும், ஒதுங்கிக்கொள்ளலாம். இது ஒன்றும் தெரியாத தூறல் போல நடிக்கும்.

மின்கோபுரத்தின் உச்சியில் என் தம்பி தாவ்ஷெங், மூங்கில் கழியால் கம்பியில் படிந்த பனிக்கட்டியைத் தட்டிக்கொண்டிருந்தான். மின்சாரத்தை நிறுத்தி மூன்று நாளாகிறது. தட்டுவதைவிட வேகமாகக் கட்டி ஏறினால் கோபுரமே பாரம் தாங்காமல் மடங்கும். அதற்கு முன்னால் குரல் கொடுத்து அவனை இறக்குவது என் வேலை. பூட்ஸில் வைக்கோல் கயிறு சுற்றிக்கொண்டு, கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றேன்.

"அக்கா! கீழ அடுப்பு மூட்டிட்டியா? புளிச்சாற்று மீன் வாசனை வருது!"

"வாயை மூடிட்டு கையைப் பாருடா!"

"ஈ பறந்தாக்கூட இறங்குன்னு கத்துவியே, இன்னிக்கு என்ன இவ்ளோ தைரியம்?"

தைரியமெல்லாம் இல்லை. மேஸ்திரி மோ அண்ணனும் இந்த ஈக் கதையைத்தான் சொல்லிச் சிரிப்பார். அவர் வண்டியோடு மலைக்கு அந்தப் பக்கம் போயிருந்தார். வெந்நீர்க் குடுவையும் வண்டியிலேயே போய்விட்டது.

அப்போது கோபுரத்தின் ஒரு கால் முனகியது. பெரிய சத்தம் இல்லை. பாரம் தூக்கியவன் தோள் மாற்றும்போது விடுவானே, அந்த மாதிரி ஒரு மூச்சு.

"இறங்கு! தாவ்ஷெங், உடனே இறங்கு!"

அவனைக் கோபுரத்தோடு பிணைத்திருந்த இடுப்பு வாரின் கொக்கியைத் தேடி, பின்னால் கையை விட்டுத் துழாவுவது தெரிந்தது. துழாவிக்கொண்டே இருந்தான். கழியால் அதன்மேல் ரெண்டு தட்டு தட்டினான்.

"அக்கா, கொக்கி திறக்கல."

எங்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்த இளம்பெண் சொன்னது ஞாபகம் வந்தது. தண்ணீருக்குள் இருக்கும் துணுக்குகள் பக்கத்தில் உள்ளவற்றோடு கைகோத்துக்கொண்டே இருக்குமாம்; கோத்த வேகத்தில் விட்டுவிட்டு வேறு கையைப் பிடிக்குமாம். அப்படி விட்டு விட்டுப் பிடிப்பதால்தான் தண்ணீர் ஓடுகிறது. இந்த மழைத்துளி பனிக்கட்டியைவிடக் குளிர்ந்திருந்தும், வரிசைகட்டி நிற்க ஓர் இடம் கிடைக்காமல் தண்ணீராகவே விழுகிறது. எதையாவது தொட்டதும் நின்றுவிடும், பிடித்த கையை விடாது. அப்படி நிற்பதற்கு இடமும் கூடுதலாக வேண்டும், அதனால் உறையும்போது வீங்கும். அன்றைக்குச் சூப் குடித்துக்கொண்டே கேட்டுச் சிரித்தோம். இப்போது அது கொக்கியின் வில்லுக்குள் புகுந்து வீங்கி, என் தம்பியை இரும்போடு சேர்த்துப் பூட்டியிருந்தது. வாரை அறுத்துவிட்டால், இந்த வழுக்கலில் படிக்குப் படி மாட்டிக்கொண்டு இறங்க அவனுக்கு வேறு பிடிமானம் கிடையாது.

இதற்காகத்தான் ஆளுக்கொரு சின்னப் புட்டியில் சாராயம் கொடுப்பார்கள். சாராயம் இந்தக் குளிருக்கு உறையாது, ஊற்றினால் கொக்கி இளகும்.

"புட்டியை எடுத்து ஊத்துடா!"

அவன் கழியால் இன்னொரு தட்டு தட்டினான்.

"காதுல விழல? சாராயத்தை ஊத்து!"

"குடிச்சிட்டேன்."

எனக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. அதே மூச்சில் என் பையைத் துழாவினேன். என் புட்டி? காலையில் அவனே 'கீழ நிக்கறவளுக்கு எதுக்கு' என்று பிடுங்கிக்கொண்டான்.

"ரெண்டையுமா?"

"பயமா இருந்துச்சுக்கா." கிண்டலெல்லாம் போய், சின்னப் பிள்ளையின் குரலாக இருந்தது. "ஏறறதுக்கு முன்னாடியே குடிச்சிட்டேன். தினமும் அப்படித்தான்."

நான் ஏறினேன். ஒவ்வொரு படியிலும் கையுறை இரும்போடு ஒட்டியது; பிய்த்துப் பிய்த்து எடுத்தேன். கீழே பார்க்கவில்லை, மேலேயும் பார்க்கவில்லை. பாதி தூரத்தில் கோபுரம் இன்னொரு தரம் முனகியது. இறங்கிவிடலாமா என்று நினைத்தேன். நினைக்கவில்லை என்று சொன்னால் பொய்.

அவனிடமிருந்து சாராய வாடை வீசியது. "நீ ஏன் வந்தே? ரெண்டு பேரும் சேர்ந்து..." என்று ஆரம்பித்தான்.

"பேசாதே. கம்பத்தைக் கெட்டியாப் பிடி."

கொக்கி தெளிவான பனிக்கட்டிக்குள் இருந்தது. உள்ளே அதன் எண்கள்கூடப் படிக்க முடிந்தது. என் வாரை மாட்டிக்கொண்டு, பல்லால் கையுறைகளைக் கழற்றி, வெறும் கைகளால் அதைப் பொத்தினேன். நெருப்பைத் தொட்டது போல எரிந்தது. தாவ்ஷெங் ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டி, மரத்துப்போன விரல்களை என் கைமேல் வைத்தான். நான் குனிந்து ஊதிக்கொண்டே இருந்தேன். மழை எங்கள் கைகளின்மேல் விழுந்து, தோலின் சூட்டில் தண்ணீராகவே வழிந்தது. எங்களைச் சுற்றி மற்றதெல்லாம் தடித்துக்கொண்டே போனது.

மூன்றாவது முனகல் நிற்கவில்லை, நீண்டுகொண்டே போனது. என் சுண்டுவிரல் இடுக்கிலிருந்து ஒரு துளி கசிந்தது. மழையா, கொக்கிக்குள்ளிருந்து பனி உருகி வருவதா, தெரியவில்லை. விரல் நுனியில் திரண்டு தொங்கிக்கொண்டு நின்றது. விழு, விழு என்று இருவரும் மூச்சைப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.