தம்பியின் நம்பர்

மகளின் பிரசவத்துக்கு வெளிநாட்டுக்கு ஓடிவந்த என்னை, இறங்கிய விமான நிலையத்தில் தனியறையில் உட்கார வைத்துவிட்டார்கள். தேடப்படும் ஒருவனின் டிக்கெட்டில் இருந்த போன் நம்பர் என் டிக்கெட்டிலும் இருந்ததாம்.

"அது டிராவல்ஸ் நடத்துற என் தம்பி நம்பர். சோம்பேறி, வர்றவங்க எல்லாருக்கும் அதையே போட்டுத் தொலைப்பான்!" என்றேன்.

அதிகாரி திரையை என் பக்கம் திருப்பினார். என் சர்க்கரை வியாதிச் சாப்பாடு, சக்கர நாற்காலி, பக்கத்து சீட்டுக்காரர் வரை அது புட்டுப் புட்டு வைத்தது.

"இதெல்லாம் யார் குடுத்தா?"

"விமானக் கம்பெனி. நீங்க ஏறுறதுக்கு முன்னாடியே எங்களுக்கு அனுப்பிட்டாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்னை ஒரு வார்த்தை கேட்டாங்களா? சரி, நீங்க தேடுற ஆளு யாரு?"

அவர் திரையைச் சட்டென்று தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அதைச் சொல்லக் கூடாதும்மா. ஒருத்தரோட அந்தரங்கத்தை இன்னொருத்தருக்குக் குடுக்க எங்க சட்டம் விடாது."