அறை வாங்கிய பணிப்பெண்

படங்கள் பேசாத அந்தக் காலத்தில், கோபன்ஹேகன் சினிமாக்காரர்களுக்குச் சீமாட்டி வேடத்துக்கு ஆள் வேண்டுமென்றால் நடிகை விக்காதான். ஒரு படத்தில் வைர மாலைத் திருடர்களை மாளிகைக் கூரையில் துரத்துவாள். அடுத்ததில் தூங்குமூஞ்சிப் பிரபுவை விருந்து விருந்தாக இழுத்துக்கொண்டு அலைவாள். நிஜத்தில் அவள் துறைமுகத்தில் கயிறு திரித்தவரின் மகள். தாயில்லாத அவளை வளர்த்தது அக்கா கார்னா.

ஒரு கோடையில் கார்னாவுக்குச் சலவைக்கூடத்து வேலை போயிற்று. விக்கா இயக்குநர் யெல்மிடம் சொல்லி, ஒரு நகைச்சுவைப் படத்தில் பணிப்பெண் வேடம் வாங்கிக் கொடுத்தாள். பிரபுவின் மடியில் கார்னா சூப்பைக் கொட்ட வேண்டும். சீமாட்டி திட்ட வேண்டும். அவ்வளவுதான் காட்சி. ஆனால் தங்கை முறைக்கிற முறைப்பைக் கண்டாலே கார்னாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எடுத்ததெல்லாம் வீண். வெயில் வெளிச்சம் இருந்தால்தான் படமெடுக்க முடியும்; படப்பிடிப்புக் கூடத்தின் கண்ணாடிக் கூரைக்கு மேல் மேகம் வேறு கவிந்துகொண்டிருந்தது.

யெல்ம் விக்காவைத் தனியே கூப்பிட்டார்.

“திட்டாதீங்க. ஓங்கி ஒரு அறை விடுங்க. அவங்ககிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.”

சொல்ல நேரம் இருந்தது. கார்னா பக்கத்தில் நின்று, தங்கையின் தோளில் நழுவிய சரிகைச் சால்வையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். விக்கா வாய் திறக்கவில்லை. உதவாத சொந்தக்காரியைக் கூட்டிவந்துவிட்டாள் என்று நாலு பேர் பேசுவார்களே என்ற பயம். கேமராவின் கைப்பிடி சுழன்றது. அறைந்தாள்.

படம் ஓகோவென்று ஓடியது. அதற்குள் கார்னா, ஓர்ஹூஸ் என்ற தூரத்து ஊரில் வேலை கிடைத்ததென்று கப்பலேறிப் போயிருந்தாள்.

குளிர்காலத்தில்தான் விக்கா அதைத் தியேட்டரில் உட்கார்ந்து பார்த்தாள். அறை விழுந்ததும் கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. திரையில் கார்னாவின் உதடு அசைந்தது. ‘மன்னியுங்கள், சீமாட்டி’ என்று எழுத்து வந்தது. அக்கா சொன்னது அதுவல்ல. ‘விக்கா’ என்றிருந்தாள். அன்று யெல்ம் உற்சாகத்தில் போட்ட கூச்சலில் அது காதில் விழவே இல்லை.

மறுநாளே ஓர்ஹூஸுக்குக் கப்பல் பிடித்தாள். ஒரு விடுதிச் சமையலறையில் கார்னா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டுக் காபி ஊற்றினாள். பயணம் எப்படி என்று விசாரித்தாள்.

“நிஜமா அடிச்சாத்தான் நல்லா வரும்னு அவர் சொன்னாருக்கா.”

“நல்லாத்தான் வந்திருக்கு. இங்க எல்லாரும் பார்த்துட்டாங்க.”

“தப்பு பண்ணிட்டேன்க்கா.”

கார்னா மறுபடி கத்தியை எடுத்தாள். “அடிச்சது ஒண்ணும் வலிக்கலடி. காதுல ஒரு வார்த்தை போட்டிருந்தா நானே கன்னத்தைக் காட்டியிருப்பேனே.”

ஊர் திரும்பிய விக்கா, அந்தக் காட்சியை வெட்டிவிடச் சொல்லி யெல்மிடம் மன்றாடினாள். ஜனங்கள் வருவதே அதற்குத்தான் என்று அவர் கையை விரித்தார்.

கார்னா கோபன்ஹேகனுக்குத் திரும்பவே இல்லை. கிறிஸ்துமஸுக்கு விக்காதான் போவாள். அக்கா நன்றாகத்தான் கவனித்துக்கொண்டாள், வந்த விருந்தாளியைக் கவனிக்கிற மாதிரி.