வெள்ளை அரளி கடல், சிவப்பு அரளி மலை

ஈக்வடார் என்று ஒரு நாடு இருப்பதே 1964 தை மாதம் வரை எங்களுக்குத் தெரியாது. தெரியாமல் நிம்மதியாகத்தான் இருந்தோம். என் வீட்டுக்காரர் பாலகோபால், கோயம்புத்தூரை ஒட்டிய கணபதியில் ஒரு பம்புசெட் கம்பெனியில் போர்மேன். ஒரு சாயங்காலம் துடியலூர் வீட்டுக்கு ஒரு பூகோளப் படத்தோடு வந்தார். அதைத் தரையில் விரித்து, தென்னமெரிக்காவின் மேற்குத் தோளில் ஒட்டிக்கொண்டிருந்த சின்னத் துண்டு ஒன்றைக் காட்டினார்.

"நம்ம பம்புசெட்டு இங்க போகுது. மாட்டிக் குடுக்க நானும் போறேன். ரெண்டு வருசம்."

சுண்டைக்காய் அளவு நாடு. ஆனால் அதற்குள் என்னதான் இல்லை! இந்தப் பக்கம் கடல், புழுக்கம், கண்ணுக்கெட்டிய தூரம் வாழைத்தோட்டம். நடுவில் பனி மூடிய மலை. அந்தப் பக்கம் காடு. ஊருக்கு ஊர் மனிதர்களும் வேறு, பேச்சும் வேறாம். மூன்று இடத்திலும் வேலை இருந்தது. எங்கே தங்குவது என்று அவரே சொல்லலாம், வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் தந்தி கொடுத்துவிடுவோம் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

காடு வேண்டாம் என்பதில் மட்டும் வீட்டில் சண்டை வரவில்லை. மிச்சம் இரண்டு. கடலோரத் துறைமுகம், இல்லாவிட்டால் மலைமேல் இருக்கும் தலைநகரம்.

"தலைநகரம் ஊட்டியைவிட உசரமாமா. ஜில்லுன்னு இருக்குமாமா," என்று அவர் தன் அம்மாவிடம் சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் படத்தைப் பார்த்தார்.

அவருக்கு மூச்சு இளைப்பு உண்டு. அது எனக்கும் அவருக்கும் ஒரு டாக்டருக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். இரண்டு வருஷத்துக்கு முன் வால்பாறையில் ஒரு எஸ்டேட்டுக்குப் பம்பு மாட்டப் போனபோது நானும் கூடப் போயிருந்தேன். மூடுபனி இறங்கிய அன்று காலையில் அவர் உதடு நாவல் பழம் தின்றவர் மாதிரி நீலமாகிவிட்டது. வாயைத் திறந்து திறந்து மூடுகிறார், காற்று உள்ளே போகவில்லை. என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது. எஸ்டேட் கம்பவுண்டர் ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார். கோயம்புத்தூர் டாக்டர் பிறகு கறாராகச் சொன்னார்: குளிர் ஆகாது, உயரம் ஆகவே ஆகாது, ஊட்டிக்குக்கூடப் போகாதே.

நீயாவது சொல்லியிருக்கலாமே என்பீர்கள். முதலாளிக்குத் தெரிந்தால் வேலைக்கே ஆபத்து. அத்தைக்குத் தெரிந்தால் அழுது ஊரைக் கூட்டிவிடுவார். "அம்மாகிட்ட மூச்சு விடாதே," என்று அவர் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். மூச்சு விட முடியாத மனிதர் கேட்ட சத்தியம் அது.

"நீங்களே கடல்னு சொல்லிப்போடுங்க," என்று அன்றைக்கே கெஞ்சினேன்.

"எதுக்குன்னு அம்மா கேட்டா என்ன சொல்றது?" என்றார்.

அத்தை பங்காரம்மா அதற்குள் முடிவே செய்துவிட்டார். "நமக்கென்ன தெரியும் அந்தச் சீமையப் பத்தி? பூக் கேட்டுப் போடலாம்." எங்கள் குடும்பத்துத் தாய்மொழி தெலுங்கு, ஆனால் அது சண்டை போடுவதற்கு மட்டும்தான். மற்றதெல்லாம் இந்த ஊர் வழக்கம்தான். கல்யாணமானாலும் கிணறு வெட்டுவதானாலும் பெருமாள் முன்னால் இரண்டு பூப்பொட்டலம் வைத்துக் கேட்காமல் ஒன்றும் நடக்காது. வீட்டில் மூத்த பொம்பளை யாருக்கும் காட்டாமல் பொட்டலம் கட்ட வேண்டும். ஒரு காரியத்துக்கு ஒரு தடவைதான் கேட்கலாம். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் கிணற்றில் போட்டுவிட வேண்டும்.

"வெள்ளை அரளி கடலு, செவப்பு அரளி மலை," என்று அத்தை சொன்னார்.

"சாமிக்குத் தெரியாததா?" என்று என் வீட்டுக்காரர் என் காதில் சொன்னார். சொன்ன குரலே நடுங்கியது. அவருக்கும் பயம்தான் என்பது எனக்கு அப்போது ஆறுதலாக இருந்தது.

வியாழக்கிழமை காலையில் கோயிலுக்குப் போனோம். பூசாரி அரங்கசாமி, வாழையிலையில் கட்டிய பொட்டலங்களைப் பெருமாள் காலடியில் வைத்துத் தீபாராதனை காட்டினார். சின்னக் குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வதுதான் முறை. எங்களுக்குக் குழந்தை இல்லை. "அம்மணியே எடுக்கட்டும்," என்றார் அத்தை. மற்ற நாளாக இருந்தால், குழந்தையில்லாததைக் குத்திக் காட்டும் அந்தச் சொல்லுக்கு நான் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருப்பேன். அன்றைக்கு அதற்குக்கூட எனக்குத் தெம்பில்லை.

கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். வெள்ளை, வெள்ளை, வெள்ளை என்று உள்ளுக்குள் கத்தினேன். அரங்கசாமி வாங்கிப் பிரித்தார்.

சிவப்பு.

அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் கையாலேயே அவரை அந்த மலைக்கு அனுப்பிவிட்டேன் என்று நினைத்தேன். பயந்துபோய் அவரைத் திரும்பிப் பார்த்தால், அவர் சிரித்துக்கொண்டிருந்தார். வேஷம் இல்லை, நிஜமான சிரிப்பு. "முதலாளிகிட்டச் சொல்லோணும், ஊட்டுக்குப் போய்ச் சட்டையை மாத்திட்டுக் கெளம்பறேன்," என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மிச்சப் பொட்டலத்தை அரங்கசாமி என் கையில் கொடுத்தார். அத்தை கையை நீட்டினார். "குடு அம்மணி, கெணத்துல போட்டுட்டு வாரேன்."

"நானே போடறனுங்க."

"குடுங்கறேன்ல!"

அந்த அவசரம் எனக்குப் பிடிக்கவில்லை. அவரை முந்திக்கொண்டு கோயில் கிணற்றடிக்கு ஓடினேன். பிரிக்கக் கூடாதுதான். ஆனால் எனக்குக் கிடைக்காமல் போன அந்த வெள்ளைப் பூவை ஒரு தடவையாவது பார்த்து அழ வேண்டும் போலிருந்தது. பிரித்தேன்.

அதுவும் சிவப்பு.

அத்தை பின்னாலேயே மூச்சிரைக்க வந்து நின்றார். நான் பூவைக் காட்டினேன். அவர் மறுக்கவில்லை.

"எங்கண்ணன் ரங்கூனுக்குக் கப்பலேறினான். தொறமொகத்துல எறங்குன வாரத்துலயே காலராவுல போயிட்டான். மூஞ்சியக்கூடப் பாக்கல நாங்க. கடலோரத்துக்கு எம்பையன நான் அனுப்ப மாட்டேன். மலைன்னா நல்ல காத்து, நல்ல தண்ணி. சாமி கோவிச்சா என்னைக் கோவிச்சுக்கட்டும்."

"நல்ல காத்தா?" எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பண்ணின சத்தியம் கிடக்கிறது என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இளைப்பு, வால்பாறை, நீல உதடு, டாக்டர் சொன்னது, ஒன்று விடவில்லை. அத்தை கேட்கக் கேட்கக் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"பயந்துக்குவீங்கன்னுதான் சொல்லலீங்க."

அத்தை என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். "அவன்கிட்டச் சொல்லீராத அம்மணி. பெத்தவளே சாமி பேரச் சொல்லி ஏமாத்திட்டான்னு நெனைப்பான். வேற ஏதாச்சும் பண்ணலாம்."

வேறு என்ன பண்ணுவது? இரண்டாவது தடவை பூக் கேட்க முடியாது. பேசிக்கொண்டு நிற்க நேரமும் இல்லை. சட்டையை மாற்றிக்கொண்டு அவர் கணபதிக்குக் கிளம்பிவிட்டால் தந்தி போய்விடும். இரண்டு பேரும் வெயிலில் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தோம். அத்தை இப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

அவர் வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாட்டுப் பாடாத குறைதான். என்னை உள்ளே கூப்பிட்டு, டிரங்குப் பெட்டியில் துணிக்கடியில் ஒளித்து வைத்திருந்த மாத்திரைப் பாட்டிலை எடுத்து என் கையில் வைத்தார்.

"இதைத் தூக்கி எறிஞ்சுபோடு, லட்சுமி. இத்தனை நாளா உள்ளுக்குள்ள செத்துட்டிருந்தேன். மலைன்னு வந்தா என்ன பண்றதுன்னு தூக்கமே இல்லை. சாமியே போன்னு சொல்லிட்டார் பாரு. எனக்கு அங்க ஒண்ணும் ஆகாது. காலைல இருந்து நெஞ்சு எவ்வளவு லேசா இருக்கு தெரியுமா?"

அந்த முகத்தைப் பார்த்து என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவரை இவ்வளவு தைரியமாக நான் பார்த்ததில்லை. அந்தத் தைரியம்தான் அவரைக் கொல்லப்போகிறது. அவர் என்னைத் தாண்டிக் கதவுக்குப் போனார்.

கதவில் அத்தை நின்றுகொண்டிருந்தார். வழி விடவில்லை.

"சாமி சொல்லல கண்ணு," என்றார். "ரெண்டுலயும் செவப்பத்தான் வெச்சேன். நாந்தான் சொன்னேன்."

அவர் முதலில் சிரித்தார். அம்மா விளையாடுகிறாள் என்று நினைத்திருப்பார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப்போயிற்று. கட்டிலில் உட்கார்ந்து நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். அத்தை பக்கத்தில் போகவும் பயந்து, நின்ற இடத்திலேயே அழுதார்.

"அப்ப எங்கதான் போறது?" என்று வெகுநேரம் கழித்து அவர் கேட்டார். "கடல்னு தந்தி குடுத்தா, அங்க மட்டும் என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்?"

மாத்திரைப் பாட்டிலை அவர் கையிலேயே திருப்பி வைத்தேன். அவர் கண்ணில் பழைய பயம் வந்து உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.