பின் இடது சக்கரம்

பின்ஸி சாவியைத் திருப்பியதும் மஞ்சள் விளக்கு எரிந்தது. லாடம் மாதிரி ஒரு வளைவு, நடுவில் ஓர் ஆச்சரியக்குறி. ஏதோ ஒரு சக்கரத்தில் காற்று குறைவு என்று பொருள். எந்தச் சக்கரம் என்று சொல்கிற அளவுக்கு அந்தக் கார் வசதியானதல்ல.

"மறுபடியுமாடீ?" பால் விடாத கட்டன் சாயா டம்ளரோடு வாசலில் நின்ற அவள் புருஷன் ரோய்ச்சன் கேட்டான்.

"மறுபடியும்தான் இச்சாயா. போன சனிக்கிழமையும் இதே கூத்து."

"அப்ப இன்னைக்கும் போகாதே. வளைவுல பனி வேற. டயர் காலை வாரிச்சுன்னா உன்னைப் பள்ளத்துலதான் பொறுக்கணும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். பின்ஸியும் சிரித்துவிட்டுக் காரை அணைத்தாள். அவன் கால் பம்பை எடுத்து வந்து, ஒவ்வொரு சக்கரமாகப் பார்த்து, பின் இடது சக்கரத்தில் காற்றடித்தான். அடித்து முடிப்பதற்குள் முண்டக்கயத்தில் வகுப்பு தொடங்கியிருக்கும்.

ஏலப்பாறையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பின்ஸி நர்ஸ். அயர்லாந்தில் அவளுக்கு ஒரு வேலை காத்திருந்தது. ஆங்கிலத் தேர்வு ஒன்றுதான் பாக்கி. அதற்கான வகுப்பு சனிக்கிழமைதோறும் மலைக்குக் கீழே நடந்தது. 'அவ முதல்ல போகட்டும், பின்னாடியே நானும் போறேன்' என்று ரோய்ச்சன் சர்ச் முற்றத்தில் நின்று எல்லோரிடமும் சொன்னான். இப்படி ஒரு புருஷன் யாருக்கு வாய்க்கும் என்று குர்பானா பூசை முடிந்து வருகிற பெண்கள் பின்ஸியின் காதுபடவே பெருமூச்சு விட்டார்கள்.

அந்த விளக்குக்கு ஊரில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். குளிருக்குக் காற்று சுருங்கும் என்றார் பெட்ரோல் பங்க்காரர். அப்படியென்றால் விளக்கு எரியாத திங்கட்கிழமை விடிகாலையில் மட்டும் என்ன வெயிலா அடிக்கிறது? பாதிரியாரான அச்சனைக் கூப்பிட்டுக் காரை ஒரு தடவை ஜெபம் சொல்லி வெஞ்சரிக்கச் சொல் என்றார் சர்ச் வேலை பார்க்கும் கப்பியார். விளக்கின் மேல் கறுப்பு டேப்பை ஒட்டிவிடு என்றான் ரோய்ச்சனின் சேக்காளி ஒருவன். எச்சரிக்கிறவன் வாயைக் கட்டுவதில் நம் ஆட்களுக்கு அப்படி ஒரு சுகம்.

புதன்கிழமை வேலை முடிந்ததும் அவள் காரைத் தங்கச்சனின் பஞ்சர் கடைக்கு ஓட்டிப் போனாள். தங்கச்சன் சக்கரத்தைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் முக்கி உருட்டினான். ஒரு குமிழிகூட வரவில்லை. விரலில் எச்சில் தொட்டு வால்வின் வாயில் வைத்துப் பார்த்தான். அதுவும் அசையவில்லை.

"ஓட்டையே இல்ல சிஸ்டரே. பேசாம பல்பைப் பிடுங்கிடட்டுமா? நோயும் போகும், டாக்டரும் போவாரு."

"உங்க கிட்ட வர்றதுக்கு எங்க ஆஸ்பத்திரியே தேவலாம் தங்கச்சா."

"அப்ப அங்கயே கொண்டுபோய் அட்மிட் பண்ணுங்க!"

பின்ஸி சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வார்டில் நோயாளியின் விரலில் மாட்டுகிற ஆக்ஸிஜன் கிளிப் தாறுமாறாகக் காட்டினால் அவர்கள் உடனே அதை வேறு விரலுக்கு மாற்றுவார்கள். கோளாறு விரலிலா கிளிப்பிலா என்று அதில் தெரிந்துவிடும்.

"இதை முன்னாடி வலது பக்கம் மாட்டுங்க. அங்க இருக்கிறதை இங்க மாட்டுங்க."

"எதுக்கு?"

"குத்தம் டயர்ல இருந்தா டயரோடயே போகும்ல?"

"போகலைன்னா?"

"போகாம பின்ன?" என்றாள். அந்தக் கேள்வியை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ரோய்ச்சனிடம் இதைச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை. அவன் உரம் வாங்கக் குமுளிக்குப் போயிருந்தான். திரும்பி வந்தபோது ஏலச்செடியின் அழுகல் நோய் பற்றியே பேச்சு போனது.

வியாழனும் வெள்ளியும் விளக்கு எரியவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி ரோய்ச்சனே அவளுடைய சுடிதாரை இஸ்திரி போட்டு வைத்தான். மறுநாள் கோட்டயத்தில் தேர்வு. முழங்கால் போட்டுச் சொன்ன சந்தியா ஜெபத்தில் அவள் தேர்வுக்காகவும் ஒன்று கூட்டிச் சொன்னான். பின்ஸிக்குக் கண் நிறைந்துவிட்டது. இவனை விட்டுவிட்டு எப்படி இருக்கப் போகிறேன் என்று நினைத்தபடியே தூங்கினாள்.

விடிகாலையில் சாவியைத் திருப்பினாள். விளக்கு எரிந்தது.

தங்கச்சனிடம் வாங்கி வைத்திருந்த, காற்றழுத்தம் பார்க்கும் கேஜை எடுத்துக்கொண்டு இறங்கினாள். முதலில் முன் வலது சக்கரம். கெட்ட பெயரெல்லாம் வாங்கிய அந்த டயரில் காற்று கொஞ்சமும் குறையவில்லை. முன் இடது சரி. பின் வலது சரி. பின் இடது சக்கரத்தில், புதன்கிழமை மாட்டிய நல்ல டயரில், பாதிக் காற்றுதான் இருந்தது.

அவள் குந்தியபடியே இருந்தாள். அந்த மூலை ஏலக்காய் உலர்த்தும் கொட்டகையின் சுவரை ஒட்டி இருந்தது. வீட்டின் எந்த ஜன்னலிலிருந்தும் அது தெரியாது. மற்ற மூன்று வால்வு மூடிகளிலும் நேற்றைய சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. இது மட்டும் சுத்தமாக இருந்தது. அவளுக்குப் பயம் வந்தது. அதற்கும் முன்னால் வெட்கம் வந்தது. வார்டில் படுக்கையில் கிடக்கிறவனின் முகத்தைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடிக்கிறவள், ஒரே கட்டிலில் படுத்திருந்தும் ஒன்றும் தெரியாமல் இருந்திருக்கிறாள்.

"நகருடீ, நான் அடிக்கிறேன்." ரோய்ச்சன் பம்போடு வந்துவிட்டான். மூடியைக் கழற்றிக் குழாயை மாட்டினான். "ஆனா இதை நம்பிக் கோட்டயம் வரைக்கும் போகாதே, சொல்லிட்டேன். பரீட்சை அடுத்த மாசமும் வரும். உயிரு வருமா? இந்த டயருக்கு ஏதோ சாபம்."

"அந்த டயர் இது இல்ல இச்சாயா."

"என்னது?"

"சாபம் பிடிச்ச டயர் முன்னாடி இருக்கு. புதன்கிழமையே மாத்திட்டேன். அதுல காத்து அப்படியே இருக்கு."

பம்பை மிதித்த கால் நின்றது. அவன் தலை நிமிரவில்லை. கொட்டகைத் தகரத்திலிருந்து பனி சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு மறுபடியும் மிதிக்கத் தொடங்கினான், அவசரமே இல்லாமல்.

"காத்தைத்தானேடீ எடுத்தேன்," என்றான், ஆறுதல் சொல்கிற குரலில். "பிரேக்கையா தொட்டேன்?"

பின்ஸி கேஜைக் கையில் பிடித்தபடி எழுந்தாள்.

"போனவளுங்கள்ல யாரு திரும்பி வந்திருக்கா, சொல்லு? ஆனாலும் போகாதேன்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனா?"

"சொல்லியிருக்கலாம் இச்சாயா. சண்டை போட்டிருப்பேன். அதோட போயிருக்கும்."

அவன் குழாயைக் கழற்றி, மூடியைத் திருகி, கையை இடுப்பு முண்டில் துடைத்தான். "போ. இப்ப சரியாயிருக்கு. நல்லா எழுது." ஒதுங்கி நின்று வழிவிட்டான்.

அவள் காரை வெளியே எடுத்தாள். கேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் உருண்டதும் மஞ்சள் விளக்கு அணைந்தது. 'பிரேக்கையா தொட்டேன்?' என்ற அவன் குரல் அப்போதுதான் மறுபடி அவள் காதில் கேட்டது. டாஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியவில்லை. பிரேக்கை மிதித்தாள், பிடித்தது. மறுபடி மிதித்தாள், பிடித்தது. பாதை அங்கிருந்து நேராகப் பனிக்குள் இறங்கியது.

காரை ஓரங்கட்டினாள். பையையும் தேர்வுச் சீட்டையும் எடுத்துக்கொண்டு முக்குக்கு நடந்தாள். கோட்டயம் பஸ் பனியைக் கிழித்துக்கொண்டு வந்து நின்றது. அவள் ஏறும்போது ரோய்ச்சன் செருப்புகூடப் போடாமல் ஓடி வந்துகொண்டிருந்தான்.

"வண்டியில ஒண்ணும் இல்லடீ! மாதாவாணை, நான் ஒண்ணும் பண்ணல!"

கண்டக்டர் மணிக்கயிற்றில் கை வைத்தபடி குனிந்து பார்த்தார். "உங்க வீட்டுக்காரரா? என்னமோ கத்துறாரே. நிறுத்தச் சொல்லட்டுமா?"

"வேண்டாம் சேட்டா," என்றாள் பின்ஸி. "போகட்டும்."