கைப்பிடி கழற்றிய வீடு

விபெகெவுக்கு அன்று ஒரே ஒரு காரியம்தான் பாக்கி. கணவன் ஆஸ்கெரிடம், இனிமேல் அவன் படங்களுக்குத் தன்னால் நிற்க முடியாது என்று சொல்லிவிட வேண்டும். நாலு வருஷமாக அந்தப் பேச்சு தொண்டைவரை வந்து திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

குளிர்காலம் வந்துவிட்டால் ஸ்வென்போர்க் நகரத்தில் அவர்கள் வீடு வீடாகவே இருக்காது. சனிக்கிழமைதோறும் ஆஸ்கெர் அங்கே ஓவியப் பட்டறை நடத்துவான். ஹாமர்ஷோய் என்ற அந்தக் காலத்து ஓவியர் வரைந்ததுபோலச் சாம்பல் நிற அறை, வெறும் சுவர், முதுகைக் காட்டி நிற்கும் ஒரு பெண். அந்த முதுகு விபெகெவுடையது. கறுப்பு உடை, தூக்கிக் கட்டிய கொண்டை, கையில் ஒரு காலித் தட்டு. இடைஞ்சல் என்று சோபா, நாற்காலி, விளக்கு எல்லாம் பின்னறைக்குள் திணிக்கப்பட்டிருந்தன. அந்த ஓவியரின் சில படங்களில் கதவுக்குக் கைப்பிடி இருக்காது என்பதைப் பார்த்துவிட்டு, வீட்டுக் கதவுகளின் கைப்பிடிகளையும் கழற்றிவிட்டான் மனுஷன். ஒன்றே ஒன்று அவன் பையில் கிடக்கும், அதைச் செருகினால்தான் கதவு திறக்கும். எந்தக் கதவைத் திறப்பதானாலும் அவனைத் தேட வேண்டும். கழிவறைக்கு மட்டும் விலக்கு. அதுவும் அவள் சண்டை போட்டு வாங்கியது.

இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. பள்ளிக்கூட வேலை போனபிறகு ஒரு குளிர்காலம் முழுக்கப் படுக்கையை விட்டு எழாமல் கிடந்தவன் ஆஸ்கெர். அவனை எழுப்பி உட்கார வைத்தது இந்தப் பட்டறைதான். தான் நகர்ந்தால் அது சாய்ந்துவிடும், கூடவே அவனும் சாய்ந்துவிடுவான் என்று பயந்தாள்.

அன்று காலையிலிருந்தே இடுப்பு விண் விண்ணென்று தெறித்தது.

"விபெகெ, உங்க வலது தோள் இறங்கியிருக்கு" என்றார் ஓலுஃப். ஓய்வுபெற்ற பல் டாக்டர். நாலு பேர் படிக்கும் வகுப்பில் வாய் ஓயாதவர் அவர் ஒருவர்தான்.

"தோளை நேரா வை, விபெகெ. அவருக்குக் கோடு கோணுது" என்றான் ஆஸ்கெர்.

"பல் டாக்டராச்சே, எது சாய்ஞ்சிருந்தாலும் பிடுங்கத் தோணும்" என்றாள் அவள் சுவரைப் பார்த்தபடி. எல்லாரும் சிரித்தார்கள். அவள் தோளை நிமிர்த்தினாள்.

காபி இடைவேளையில் வலி மாத்திரையைத் தேடிப் பின்னறைக்குப் போனாள். கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு மரக்கட்டையை அண்டை கொடுத்து வைத்திருந்தான் ஆஸ்கெர். உடையின் விளிம்பு அதில் மாட்டி இழுத்தது. கட்டை நகர்ந்தது, கதவு டக்கென்று சாத்திக்கொண்டது. உள்பக்கமும் கைப்பிடி கிடையாது. மாத்திரையை விழுங்கிவிட்டுத் தட்டுவதற்குக் கையை ஓங்கினாள்.

"எங்க உங்க வீட்டம்மா? ஆரம்பிக்கலாமா?" ஓலுஃபின் குரல்.

"காபி போடறா போல. பரவால்ல, நீங்க ஆரம்பிங்க. அவ முதுகு எனக்கு மனப்பாடம். ஆளே வேணாம், நான் போட்டுக் காட்டறேன், பாருங்க."

தூரிகையை அலசும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து ஓலுஃப், "அட, இது காலையில போட்டதைவிட நல்லா இருக்கே" என்றார்.

தட்ட ஓங்கிய கை எப்போதோ இறங்கிவிட்டிருந்தது. அவளுக்குச் சுருக்கென்று இருந்தது. இத்தனை வருஷமும் தான் முட்டுக்கொடுத்து நிற்பதாக நினைத்த கூரை, தன்பாட்டுக்கு நின்றுகொண்டிருந்திருக்கிறது. அழலாம் போலிருந்தது, ஆனால் அதற்கும் தெம்பில்லை. எதிரே அவளுடைய சோபா கிடந்தது. மேலே கிடந்த விளக்கையும் மெத்தைகளையும் கீழே தள்ளிவிட்டுக் காலை நீட்டிப் படுத்தாள்.

எல்லாரும் போனபிறகுதான் ஆஸ்கெர் அவளைத் தேடினான். சமையலறை, மாடி, தோட்டம் என்று கூப்பிட்டுக்கொண்டே அலைந்துவிட்டுக் கடைசியில் பின்னறையைத் திறந்தான்.

"இங்கயா இருந்த? ஏன் தட்டல?"

"படம் எப்படி வந்துது?"

"நல்லாத்தான் வந்துது. ஓலுஃப்கூட..." என்றவன் நிறுத்தினான். தான் பேசியது இந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் கேட்டிருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. "அது... ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"நல்லா வந்துதுன்னா சரி. இனிமே அப்படியே போடு. என்னால நிக்க முடியாது, ஆஸ்கெர். இடுப்பு போச்சு."

"எப்பலேருந்து?"

"உனக்குத்தான் என் முதுகு மனப்பாடமாச்சே."

அவன் வெகுநேரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் எழுந்திருக்கவில்லை.

"சோபாவை முன்னறைக்குக் கொண்டுபோகட்டுமா?"

"நாளைக்கு. இப்ப தூங்கணும். கதவைச் சாத்திட்டுப் போ. கைப்பிடியை உள்ளயே வெச்சிட்டுப் போ."

பையிலிருந்து எடுத்து அவள் தலைமாட்டில் வைத்தான். கதவு சாத்திக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் வெளியிலிருந்து தயங்கித் தயங்கித் தட்டும் சத்தம் வந்தது. விபெகெவுக்குக் கேட்டது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.