நான் எழுதாத எச்சரிக்கை

மூன்றாவது வருடமும் அதே போட்டிக்குப் போவது, சும்மா சொல்லக்கூடாது, கொஞ்சம் மானங்கெட்ட வேலைதான். யாராவது கணினிகளுக்குள் புகுந்து நாட்டைக் குழப்பினால் அரசாங்கத்துக்கு என்ன யோசனை சொல்வது என்று மாணவர்கள் மோதிக்கொள்ளும் போட்டி அது. கணினியில் எதையும் உடைக்கவோ பூட்டவோ தேவையில்லை. நடுவர்கள் அமைச்சர்களைப் போல உட்கார்ந்திருப்பார்கள், நாங்கள் ஆலோசகர்களைப் போல நின்று பேச வேண்டும். பேசி முடித்ததும் நெருக்கடி இன்னும் முற்றிவிட்டது என்று ஒரு தாளை நீட்டுவார்கள். மறுபடியும் பேச வேண்டும்.

முதல் வருடம் ஐந்தாம் இடம், அடுத்த வருடம் நான்காம் இடம். பதுளை டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் என் வாப்பா, "இப்படியே போனா கிழவியாகுறதுக்குள்ள கப் கெடச்சிடும், ஷஹீலா" என்று கேலி செய்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அலுத்துப்போயிருந்தது.

எங்கள் அணியில் மூன்று பேர். ஜஸீல் படங்களும் அட்டவணைகளும் செய்வான், வாயைத் திறக்கமாட்டான். நிரஞ்சலா லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெண். அவள் அம்மா பாக்கியலெட்சுமி கொழுந்து எடுப்பவர். மூன்றாவது ஆள் நான். பேச்சு, சண்டை, கட்டளை எல்லாம் என் பங்கு.

இந்த வருட நெருக்கடி என்னவென்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். எதிரிகள் மண்சரிவு எச்சரிக்கை அனுப்பும் முறைக்குள் புகுந்து பொய்ச் செய்திகளை அனுப்புகிறார்கள், மக்கள் எதையும் நம்பாமல் போகிறார்கள், என்ன செய்யலாம்? எங்கள் மலைக்கென்றே எழுதியதுபோல இருந்தது. இந்தத் தடவை விடக்கூடாது என்று எனக்கு ஒரு வெறி.

மற்ற அணிகளிடம் இல்லாத ஒன்று எங்களிடம் இருக்க வேண்டும் என்று யோசித்து, அந்தப் பெரிய மூளை வேலையைச் செய்தது நான்தான். நிரஞ்சலாவின் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் கட்டடத்தில், பன்னிரண்டு வீடுகள். அவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. யாரோ யாருக்கோ அனுப்பியது கைமாறிக் கைமாறி எச்சரிக்கைகள் அதில் வந்து விழும், எப்போதும் சிங்களத்தில். வாசிக்கத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. நாம் தமிழில் எச்சரிக்கை எழுதி அந்தக் குழுவில் போட்டுப் பார்ப்போம், எந்த வசனம் விளங்குகிறது என்று கேட்போம் என்றேன். இரண்டு வாரத்தில் ஐந்து செய்திகள் போட்டோம். பாக்கியலெட்சுமி அம்மா வாசலில் நின்று சத்தமாக வாசிப்பாராம், லயமே கூடிநின்று குறை சொல்லுமாம். "அகற்றப்படுதல்னா என்னான்னு கேக்குறாங்க, வெளிய போங்கன்னு போடச் சொல்றாங்க" என்று நிரஞ்சலா வந்து சொல்வாள்.

முதல் மூன்று செய்திகளின் தலையில் 'பயிற்சி' என்று போட்டிருந்தோம். கடைசி இரண்டில் அதை எடுத்துவிட்டு, வேறு ஆள் மூலம் கைமாற்றிப் போடச் சொன்னவளும் நான்தான்.

"வேணாம்டி, பயந்துருவாங்க" என்றாள் நிரஞ்சலா.

"நீ முன்னாலேயே அம்மாக்கு கோல் எடுத்துச் சொல்லிரு. அசல் மாதிரி இருந்தாத்தானே சோதனை" என்றேன்.

அவள் சொல்லிவைத்தாள். யாரும் பயப்படவில்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

போட்டி பதுளையில் ஒரு மண்டபத்தில். மூன்று நாள் மழை விடவில்லை. வாசலில் எங்கள் ஃபோன்களை ஒரு பிளாஸ்டிக் பேசினில் போட்டு வாங்கி வைத்துக்கொண்டார்கள், அது விதி. பதினொன்றரைக்கு எங்கள் முறை வந்தது. "தன் மொழியில் வராத எச்சரிக்கை எச்சரிக்கையே அல்ல. தோட்டத்து மக்களுக்கு அது தமிழில் போக வேண்டும்" என்று நான் சொன்னபோது நடுவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் குறித்துக்கொண்டார். இந்தத் தடவை எங்களுக்குத்தான் என்று ஜஸீலின் முகமே சொன்னது.

தேநீர் பன்னிரண்டரைக்கு என்று அட்டவணையில் இருந்தது. ஒரு நடுவருக்குப் பசி தாங்கவில்லை, பன்னிரண்டுக்கே விட்டுவிட்டார்கள். அந்த மனிதரின் வயிற்றுக்கு நான் இன்றைக்கும் துஆ செய்கிறேன்.

ஃபோனைக் கையில் வாங்கிய நிரஞ்சலா அப்படியே நின்றுவிட்டாள். குழுவில் காலை ஒன்பது நாற்பதுக்கு யாரோ கைமாற்றிப் போட்ட ஒரு செய்தி. மண்சரிவு அபாயம், உடனே வெளியேறவும், தோட்டத்தில் அவர்கள் இருக்கும் டிவிஷனின் பெயர். நல்ல தமிழ். அதற்குக் கீழே அவள் அம்மாவின் குரல் பதிவு: "எல்லாரும் கேளுங்க, இது நம்ம நிரஞ்சலாவோட போட்டி மெசேஜுதான். இன்னைக்குத்தான் போட்டி. இந்தத் தடவ ரொம்ப நல்லா வெளங்குது." அதற்கும் கீழே வரிசையாகப் பெருவிரல்கள், பதினான்கு.

அன்றைக்கு நாங்கள் எதையும் அனுப்பவில்லை.

நிரஞ்சலா அழைத்தாள். எங்களுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள். மழையென்று பெரட்டை, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் கூட்டத்தை, கலைத்து எல்லாரையும் திருப்பி அனுப்பிவிட்டார்களாம், பன்னிரண்டு வீட்டு ஆட்களும் உள்ளேதான் இருந்தார்கள்.

"அம்மா, வெளிய போங்க! அந்த மெசேஜ் நெசம்!"

"மேடையிலருந்தா பேசுற? இதுவும் போட்டிதானா?" அம்மா சிரித்தார். பின்னால் யாரோ கைதட்டினார்கள்.

நிரஞ்சலா கத்தக் கத்த அங்கே சிரிப்பு கூடியது. ஃபோனைப் பிடுங்கினேன். "அம்மா, நான் ஷஹீலா. அது அரசாங்கம் அனுப்பினது."

"போ புள்ள. கவர்மெண்டு எப்ப நமக்குத் தமிழ்ல அனுப்புச்சு?"

கால் மணிநேரத்துக்கு முன் அதையே நான் நடுவர்களிடம் அழகாகப் பேசியிருந்தேன். அரசாங்கத்தில் யாரோ ஒரு புண்ணியவான் முதல் தடவையாகத் தமிழில் அனுப்பியிருக்கிறார், அதை எங்களுடையது என்று நினைக்கும்படி நான் பழக்கிவைத்திருக்கிறேன்.

"அல்லாஹ்மேல ஆணை, நான் எழுதல" என்றேன். "நான் எழுதலம்மா. நான் எழுதல."

"அழுவுறியா புள்ள?"

ஃபோனை வைக்காமலே ஓடினார். ஒவ்வொரு வாசலிலும் பேர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. மாரிசாமி அண்ணே, எந்திரிங்க. தொட்டில் பிள்ளையைத் தூக்கு. எல்லாரும் பிள்ளைக் காம்பராவுக்கு ஓடுங்க. வேலை நாட்களில் கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் அந்தக் கட்டடம் ஓடைக்கு அப்பால் இருக்கிறது.

பன்னிரண்டு இருபத்தைந்துக்கு மலை இறங்கியது. கீழ் ஆறு வீடுகள் போய்விட்டன. உள்ளே ஆள் இல்லை.

நிரஞ்சலா பஸ் ஏறிப் போய்விட்டாள். இரண்டாம் சுற்றுக்கு எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள், நாங்கள் போகவில்லை. பங்குபற்றியதற்கான சான்றிதழ் தபாலில் வந்தது.

அந்தக் குடும்பங்களை ஒரு மாதம் பள்ளிக்கூடத்தில் வைத்திருந்துவிட்டு, அதே மலையில் இன்னொரு லயத்துக்கு அனுப்பினார்கள். இப்போது எச்சரிக்கைகள் தமிழிலும் வருகின்றன. ஒவ்வொன்று வரும்போதும் பாக்கியலெட்சுமி அம்மா எனக்கு அழைப்பார். மகளை அல்ல, என்னை. "புள்ள, இது நீ எழுதுனதா?" நான் இல்லை என்பேன். உடனே பன்னிரண்டு வீடும் மழையில் இறங்கி நடக்கும். ஐந்து தடவை நடந்துவிட்டார்கள். ஐந்து தடவையும் மலை அசையவில்லை.

நேற்று ஆறாவது தடவை. வழக்கமான கேள்வியைக் கேட்டார், நான் வழக்கமான பதிலைச் சொன்னேன்.

"இந்தத் தடவையாவது நீ எழுதுனதுன்னு சொல்லேன் புள்ள" என்றார். "காலு ரொம்ப வலிக்குது."

"நான் எழுதலம்மா" என்றேன். "போங்க."