பெயர் தெரியாத போப்பாண்டவர்

பல் டாக்டர் ஆளை மறந்தாலும் மறப்பார், ஆளின் கடைவாய்ப் பல்லை மறக்க மாட்டார். அப்பேர்ப்பட்டவருக்கு ஒரு வெள்ளிக் காசு போன மழைக்காலத்திலிருந்து தண்ணி காட்டிக்கொண்டிருந்தது.

போப்பாண்டவர்கள் நாடாண்ட காலத்தில் அடித்த காசு அது. அந்தக் காசுகள் என்றால் டாக்டருக்கு உயிர். போப்பாண்டவர் தம் குடும்பச் சின்னத்தை ஒரு கேடயத்துக்குள் பொறித்து, மேலே மூன்றடுக்குக் கிரீடத்தையும் இரண்டு சாவிகளையும் வைப்பார். கேடயத்தில் இருப்பது மரமா, சிங்கமா, தேனீயா என்று பார்த்தால் ஆள் யாரென்று சொல்லிவிடலாம். டாக்டரின் காசில் இருந்தவை இரண்டு மீன்கள். சாவிகள் இருந்தன, தேய்ந்துபோன கிரீடம் இருந்தது, எழுத்து மட்டும் துடைத்துவிட்டாற்போல் போயிருந்தது. புத்தகத்தில் உள்ள போப்பாண்டவர்கள் அத்தனை பேரையும் புரட்டியாயிற்று. மீன்களுக்குச் சொந்தம் கொண்டாட ஒருவரும் வரவில்லை.

வராவிட்டால் மானம் போய்விடும். நாணயச் சங்கத்தின் கண்காட்சி ஞாயிற்றுக்கிழமை. வாசலுக்கு நேராக இருக்கும் கண்ணாடிப் பெட்டியை இந்தத் தடவை டாக்டருக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் காசு எந்தக் காலத்தது, யார் அடித்தது என்று சீட்டு எழுதி வைக்க வேண்டும். எழுத முடியவில்லையென்றால் பெட்டி சகலைக்குப் போய்விடும்.

சகலை இன்சூரன்ஸ் ஏஜென்ட். டாக்டர் மனைவியின் தங்கையைக் கட்டியவர். காசு சேர்ப்பதில் டாக்டருக்குப் பின்னால் வந்து, பேச்சில் முன்னால் போனவர். போன கண்காட்சியில் டாக்டர் பெருமையாக வைத்திருந்த ஒரு காசை உற்றுப் பார்த்து, இது காசே இல்லை, கழுத்தில் கட்டித் தொங்கவிடும் பதக்கம், ஓட்டையை அடைத்து யாரோ அண்ணன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று சபையிலேயே போட்டு உடைத்தார். அன்றிலிருந்து வீட்டுக்கு வரும்போதெல்லாம் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே, "அண்ணே, புதுசா பதக்கம் ஏதாவது வாங்கினீங்களா?" என்பதுதான் விசாரிப்பு.

சனிக்கிழமை கடைசி நோயாளி போனதும் டாக்டருக்கு ஒரு யோசனை வந்தது. வெள்ளி மினுமினுப்பில் மேடு பள்ளம் தெரியவில்லை. பல்லுக்கு எடுப்பதுபோல் காசுக்கும் அச்சு எடுத்தால் என்ன? பல்லுக்கு அளவெடுக்கும் பசையில் காசை மெல்ல அழுத்தி எடுத்து மனைவியிடம் நீட்டினார். கிளினிக்கில் டோக்கன் கொடுப்பது, அழும் குழந்தையை அதட்டுவது, அச்சில் பிளாஸ்டர் ஊற்றுவது எல்லாம் அந்த அம்மாள்தான்.

"போப்பாண்டவருக்குப் பல்செட்டா?" என்று கேட்டுக்கொண்டே ஊற்றி வைத்தாள். வெளியே தூறல். குடையை எடுத்து மேஜையில் வைத்து, போகும்போது இதை விட்டுவிட்டுப் போனால் இனி வாங்கித் தரமாட்டேன் என்றாள். வங்கியில் ஒன்று, பஸ்ஸில் ஒன்று, துக்க வீட்டில்கூட ஒன்று என்று டாக்டர் தொலைத்த குடைகளைச் சேர்த்திருந்தால் அதற்கே தனிக் கண்காட்சி வைக்கலாம்.

பிளாஸ்டர் இறுகியது. அச்சைப் பிரித்து, வெள்ளை வில்லையின் மேல் பக்கவாட்டில் விளக்கடித்தார். மீன்களின் செதில்கூடத் தெரிந்தது. ஆனாலும் மீன்கள் அதே மீன்கள்தான். தலையில் கை வைத்துக்கொண்டார்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "கிரீடத்துக்கு ஏங்க கம்பி?"

அது கம்பி இல்லை, தேய்மானம் என்றார் டாக்டர்.

"தேய்மானம் இவ்வளவு நேராவா இருக்கும்? கிரீடம்னா பட்டை குறுக்கால போகணும். இதுல கோடெல்லாம் மேலேருந்து கீழே இறங்குது. இது குடைங்க. உங்களுக்கு எத்தனை வாங்கிக் குடுத்திருக்கேன், எனக்குத் தெரியாதா?"

டாக்டர் சிரிக்க வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. நோயாளிகளின் நாற்காலியிலேயே போய் உட்கார்ந்துவிட்டார்.

ஒரு போப்பாண்டவர் இறந்து அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கும்வரை பீடம் காலியாக இருக்கும். அந்த இடைவெளியில் கஜானாவைப் பார்த்துக்கொள்ளும் கர்தினால், அதாவது போப்பாண்டவருக்கு அடுத்த படியில் இருக்கும் குரு, தம் கேடயத்தைப் போட்டுக் காசு அடிப்பார். கிரீடம் வைக்க அவருக்கு உரிமை இல்லை. அதனால் மேலே குடை. டாக்டருக்கு இது தெரியாததல்ல. கிரீடம் என்று முதல் நாளே முடிவு கட்டிவிட்டதால், கர்தினாலின் மீனைப் போப்பாண்டவர்களிடம் தேடிக்கொண்டிருந்தார். புத்தகத்தில் பீடம் காலியாக இருந்த காலத்துக் காசுகளைப் போட்டிருக்கும் கடைசிப் பகுதியைத் திறந்தார். இரண்டு மீன்களும் அங்கே சாவகாசமாக இருந்தன.

மறுநாள் சகலை தம்முடைய காசுகளைத் தட்டோடு கொண்டுவந்து பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றார். எடுத்து வைக்க வேண்டியதுதான் பாக்கி என்கிற தோரணை.

"எந்தப் போப்பாண்டவர் அண்ணே?"

"யாரும் இல்லை."

சகலை சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். டாக்டர் அவசரப்படவில்லை. பிளாஸ்டர் வில்லையை வைத்தார், சட்டைப் பையிலிருந்து வாய்க்குள் அடிக்கும் டார்ச்சை எடுத்துப் பக்கவாட்டில் பிடித்தார், காலியாக இருந்த பீடத்தின் கதையைச் சொன்னார். சங்கச் செயலாளர் குனிந்து பார்த்துவிட்டு, குடையேதான் என்றார். சகலையும் குனிந்தார். நிமிர நேரமாயிற்று.

செயலாளர் சீட்டையும் பேனாவையும் நீட்டினார். கடைசி வரி: அடையாளம் கண்டவர். டாக்டரின் பேனா அங்கே வந்ததும் நின்றது. இந்த ஒரு வரிக்காகத்தானே இத்தனை நாள் தூக்கம் கெட்டார். மனைவி தூரத்துப் பெட்டியில் எதையோ மிகவும் அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்களேவா அண்ணே கண்டுபிடிச்சீங்க?" என்றார் சகலை, கடைசி நம்பிக்கையோடு.

டாக்டர் பெருமூச்சு விட்டார். மனைவியின் பெயரை எழுதிச் சீட்டைச் சகலை பக்கம் திருப்பினார். "உங்க அண்ணி."

அண்ணி என்றதும் சகலையின் வாய் தானாக மூடிக்கொண்டது. வீட்டில் அக்கா சொல்தான் தங்கைக்கு வேதவாக்கு. அதற்குள் டாக்டரின் மனைவியே வந்துவிட்டாள். சீட்டைப் படித்தாள். கணவரின் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள். பிறகு சகலையின் தட்டைப் பார்த்தாள்.

"தம்பி, புதுசா பதக்கம் ஏதாவது வாங்கினீங்களா?"

வெளியே வரும்போது மழை பிடித்துக்கொண்டது. டாக்டர் இடது கையைப் பார்த்தார், வலது கையைப் பார்த்தார். குடை கிளினிக் மேஜையிலேயே இருந்தது. சகலை தம் குடையை விரித்து, "வாங்க அண்ணி" என்று பணிவாகப் பிடித்தார். அதில் இரண்டு பேருக்குத்தான் இடம். டாக்டர் பின்னால் நனைந்துகொண்டே போனார்.